அம்பரப்பர் மலையில் பனி விழுந்தால்

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது நியூட்ரினோ ஆய்வகத்தால். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பிறகு ஊரில் எதிர்ப்பு, நீதிமன்றத்தில் வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம் என்று இழுத்துக்கொண்டே போனது. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் இப்போது நுழையப் போவதில்லை. ஆய்வகத்துக்காகப் போட்ட கணக்கில் இருந்து இரண்டே எண்கள்தான் எனக்கு வேண்டும்.

அந்த ஊரை ஒட்டிய அம்பரப்பர் மலையின் அடிவாரத்தில் இருந்து உள்ளே குடைய நினைத்த சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அந்தச் சுரங்கம் போய்ச் சேரும் குகைக்கு நேர் மேலே நிற்கிற பாறையின் உயரம் 1,200 மீட்டருக்கு மேல். வானத்தில் இருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை வடிகட்ட அவ்வளவு பாறை தேவைப்பட்டது. குறைவான தூரம் குடைந்து நிறையப் பாறைக்கு அடியில் போய்விட வேண்டும் என்றால் மலை செங்குத்தாக இருக்க வேண்டும். விஞ்ஞானிகளுக்கு இந்த மலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

2,000 மீட்டர் முன்னே போனால் 1,200 மீட்டர் மேலே. சரிவு 60 சதவீதம். கோணத்தில் சொன்னால் 31 டிகிரி. இது சராசரிக் கணக்கு. நடுவில் பாறை முகடும் இருக்கும், தட்டையும் இருக்கும். ஆனால் இந்த எண்ணை ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு மையம் நடத்தும் ஒருவரிடம் கொடுத்தால், தயங்காமல் கறுப்புக் கம்பம் நட்டுவிடுவார்.

ஐரோப்பாவின் பனிச்சறுக்குத் தடங்களில் ஓரமாக வண்ணக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். நீலம் என்றால் சரிவு 25 சதவீதத்துக்குள், அதாவது 14 டிகிரி. சிவப்பு 40 சதவீதம் வரை, அதாவது 22 டிகிரி. அதைத் தாண்டினால் கறுப்பு. பிரான்ஸ் போன்ற சில நாடுகளில் நீலத்துக்கும் கீழே பச்சை ஒன்று உண்டு, முதல் நாள் பலகை மாட்டுகிறவர்களுக்கு. அமெரிக்காவில் கணக்கு கிட்டத்தட்ட இதேதான், அடையாளம் மட்டும் வேறு: பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம்.

இந்தச் சதவீதம் பலரை ஏமாற்றிவிடும். 100 சதவீதம் என்றால் சுவர் மாதிரி நிற்கும் என்று நினைப்போம். 100 மீட்டர் முன்னே போக 100 மீட்டர் இறங்கும் சரிவுதான் அது, வெறும் 45 டிகிரி. அதே சமயம் 40 சதவீதம் என்றதும் 'பாதிகூட இல்லையே' என்று அலட்சியமாக நினைப்பதும் தப்பு. முந்தலில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை சுமார் 20 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறுகிறது. சராசரி வெறும் 5 சதவீதம். அதற்கே லாரி முனகுகிறது, பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் எலுமிச்சம்பழம் தேடுகிறார்.

நான் இங்கே அறிமுகப்படுத்த நினைப்பது பச்சைக்காரரையும் அல்ல, கறுப்புக்காரரையும் அல்ல. நடுவில் நிற்பவரை. நிற்கத் தெரியும், வலமும் இடமும் திரும்பத் தெரியும், நீலத் தடத்தில் பயமில்லாமல் இறங்குவார். சிவப்புக் கம்பத்தைப் பார்த்ததும் முழங்கால் இறுகும். உலகத்தில் பனிச்சறுக்குப் பழகியவர்களில் மிகப் பெரிய கூட்டம் இதுதான். ஆல்ப்ஸின் பெரிய மையங்கள் பிழைப்பதும் இவர்களை நம்பித்தான்.

இவர்களுக்கு என்ன சிக்கல் என்று புரிய, கொஞ்சம் கணக்கு வேண்டும். மெழுகு பூசிய பலகைக்கும் பனிக்கும் இடையே உராய்வு மிகக் குறைவு. பலகை உரசும் சூட்டில் பனியின் மேல்பரப்பு நூலிழை அளவுக்கு உருகி வழுக்கிக் கொடுக்கிறது. உராய்வுக்கு உரிய பங்கைக் கழித்துவிட்டு, காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்ப்போம். 25 சதவீதச் சரிவில் எங்கும் திரும்பாமல் நேராக 50 மீட்டர் இறங்கினால் வேகம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர். 40 சதவீதத்தில் 64. அம்பரப்பர் மலையின் 60 சதவீதத்தில் 77. ஐம்பதே மீட்டரில் இவ்வளவு. தடமோ கிலோமீட்டர் கணக்கில் நீளும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிரேக் ஒன்று உண்டு. பலகைகளின் முன் நுனிகளைச் சேர்த்து, பின் நுனிகளை அகற்றி, குதிகாலால் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். பலகைகள் பனியைச் சுரண்டிக்கொண்டே போகும். நீலத் தடத்தில் இது அருமையாக வேலை செய்யும். சிவப்பில் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். உடம்பின் முழு எடையையும் இரண்டு தொடைகளும் இறுக்கிப் பிடித்து நிறுத்த வேண்டும். அரைக் கிலோமீட்டரில் சதை எரியும், பிறகு கால் சொன்னபடி கேட்காது. சிவப்புத் தடத்தின் நடுவில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பிரேக்கை மட்டுமே நம்பி வந்தவர்கள்.

அடுத்த படி திருப்பம். இதைப் புரிந்துகொள்ள தேனி மாவட்டத்துக்காரர் ஆல்ப்ஸ் வரை போக வேண்டாம், போடிமெட்டுச் சாலையைப் பார்த்தாலே போதும். மலையின் சரிவு என்னவோ பயங்கரம்தான். சாலை போட்ட பொறியாளர் மலையைச் சாய்க்கவில்லை. குறுக்கே ஓட்டினார், 17 கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பித் திருப்பி ஓட்டினார். 5 சதவீதம் கிடைத்தது. சின்னமனூரில் இருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 வளைவுகள், அங்கும் இதே தந்திரம்தான். பொறியாளர் ஏறுவதற்குச் செய்ததைப் பனிச்சறுக்குக்காரர் இறங்குவதற்குச் செய்கிறார். ஒரு குவளைத் தண்ணீரைச் சரிவில் ஊற்றினால் அது எந்த வழியில் ஓடுமோ அதுதான் இறக்கக் கோடு. 40 சதவீதச் சரிவில் அந்தக் கோட்டில் இருந்து 60 டிகிரி விலகிக் குறுக்கே போனால், பலகைக்கு அடியில் இருக்கும் சரிவு 19 சதவீதம்தான். சிவப்புத் தடத்தில் நின்றுகொண்டே நீலத் தடத்தில் போகலாம். தடத்தின் நிறத்தை முடிவு செய்வது பாதி மலை, மீதி நீங்கள் போகும் திசை. இந்த விளையாட்டில் நடு நிலைக்காரர் கற்க வேண்டிய ஒரே பெரிய விஷயம் இது என்பேன்.

ஆனால் குறுக்கே போய்க்கொண்டே இருக்க முடியாது, தடத்தின் ஓரம் வந்துவிடும். திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பும்போது ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ பலகை நேராக இறக்கக் கோட்டைப் பார்க்கும். முழுச் சரிவும் அந்த நேரத்தில் காலுக்கடியில் வந்து நிற்கும். பயம் அங்கேதான் பிடிக்கிறது. பயந்த உடம்பு தானாகவே மலைப் பக்கம் சாயும், பின்னால் உட்காரப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் எடை போய்விடும், பலகை திரும்பாது, நேராக ஓட ஆரம்பிக்கும். செய்ய வேண்டியது தலைகீழ்: உடம்பைப் பள்ளத்தின் பக்கம் கொடுக்க வேண்டும், வளைவின் வெளிப்பக்கக் காலில் எடையை ஏற்ற வேண்டும். இடப்பக்கம் திரும்ப வலது கால், வலப்பக்கம் திரும்ப இடது கால். வாயால் சொல்லும்போது சுலபமாகத் தெரியும். உயிர் பயத்துக்கு எதிராக உடம்பைப் பழக்குவது வேறு விஷயம். பயிற்றுநர்கள் சம்பளம் வாங்குவது இதற்காகத்தான்.

இந்த வித்தையை முறையாக வகுத்தவர்களில் முன்னோடி ஆஸ்திரியாவின் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. நார்வேயில் மேடு பள்ளங்களில் நீண்ட தூரம் நடக்கப் பிறந்த பலகையை, ஆல்ப்ஸின் செங்குத்துக்கு ஏற்றபடி மாற்றி, லிலியன்ஃபெல்டில் பயிற்சி முறை ஒன்றை உருவாக்கி, 1890களின் கடைசியில் புத்தகமாகவும் போட்டார். அவருக்குப் பின் வந்த ஹன்னஸ் ஷ்னைடர் ஆர்ல்பெர்க் பகுதியில் அதைப் படிப்படியான பாடத்திட்டமாக்கினார். இன்றைய பள்ளிகளில் சொல்லித்தருவது அதன் வழித்தோன்றல்தான்.

நடுத்தரக்காரரின் வாழ்க்கையை அதைவிடச் சுலபமாக்கியது பலகையின் வடிவம். பழைய பலகைகள் கிட்டத்தட்ட நேரானவை; திருப்ப வேண்டுமென்றால் பின்பகுதியைத் தள்ளிச் சறுக்கவிட வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் முன்னும் பின்னும் அகன்று இடுப்பு சிறுத்த பலகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பலகையைப் பக்கவாட்டில் சாய்த்தால் அதன் விளிம்பே ஒரு வட்டத்தின் துண்டு. அந்த வட்டத்தில் அது தானாகவே ஓடும். நடு நிலைக்கு விற்கும் பலகைகளில் அந்த வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் 13 முதல் 17 மீட்டர் வரை. விளிம்பில் பதித்திருக்கும் எஃகுப் பட்டை சில மில்லிமீட்டர்தான் இருக்கும், அதை அரத்தால் தீட்டி வைப்பார்கள். விரல் நகத்தை அதன்மேல் குறுக்கே இழுத்தால் வெள்ளைச் சீவல் வர வேண்டும், வராவிட்டால் மொட்டை. மொட்டை விளிம்போடு காலை நேரத்துக் கெட்டிப் பனியில் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

நேரம் என்றதும் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதவீதம் மாறாத ஒரே தடம் காலையில் ஒரு மாதிரி, பிற்பகலில் வேறு மாதிரி. இரவெல்லாம் உறைந்து கண்ணாடியாகக் கிடப்பது, பத்தரை மணிக்கு இளகும், இரண்டு மணிக்கு மேல் கஞ்சியாகும். கூட்டம் இறங்கி இறங்கிச் சின்னச் சின்ன மேடுகள் முளைக்கும். வெயில் மேற்கே சாய்ந்து மலை நிழல் விழுந்ததும் எல்லாம் திரும்ப இறுகிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் சாயங்காலம் மேற்கு மலை நிழல் எவ்வளவு சீக்கிரம் வயலை மூடிவிடும் என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். காலையில் நீலமாக இருந்த தடம் நான்கு மணிக்குச் சிவப்பாகிவிடும், கம்பத்தின் நிறத்தை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள்.

இதைச் சரிசெய்ய இரவில் ஒரு வண்டி வரும். அகலமான சங்கிலிப் பட்டைகளில் ஓடுவது. முன்னால் பனி தள்ளும் பிளேடு, பின்னால் சுழலும் பல் உருளை, அதற்கும் பின்னால் சீப்பு. இந்த வண்டிகளில் பேர்போனது ஜெர்மனியில் 1969இல் இருந்து தயாராகும் பிஸ்டன்புல்லி. மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ளும், கட்டியை உடைக்கும், அழுத்தி வரி வரியாகச் சீவிவிட்டுப் போகும். அதன் பிறகு சில மணி நேரம் யாரும் தொடக்கூடாது. உடைந்த பனித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்க அந்த அவகாசம் வேண்டும். அதனால்தான் வேலை இரவில். செங்குத்தான தடத்தில் வண்டியே சறுக்கிவிடும் என்பதால் மேலே நங்கூரம் போட்டு எஃகுக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். சிவப்புத் தடம் நடு நிலைக்காரருக்குத் தாங்குகிறது என்றால் அந்தப் புண்ணியத்தில் பாதி இரவு டிரைவருக்குச் சேரும். சீவாத மலை எவ்வளவு மிதமாக இருந்தாலும் வேறு ஆட்டம்.

சரிவுக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. பனிச்சரிவு விபத்துகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும் சரிவுகளில்தான் தொடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தானால் பனி சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். அதைவிட மிதமானால் அசையாமல் கிடக்கும். 22 டிகிரி சிவப்புத் தடத்துக்கு மேலே 35 டிகிரி சரிவு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் ஆபத்து மேலிருந்து வரும். ஆகவே மையங்கள் அதிகாலையில் வெடி வைத்துத் தளர்ந்த பனியைக் கீழே தள்ளிவிட்ட பிறகுதான் தடத்தைத் திறக்கும். 31 டிகிரி அம்பரப்பர் மலை அந்த வரம்புக்குள் சரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பனி விழாததும் ஒரு பாக்கியம்தான்.

நம் பக்கத்து மலைகளில் ஏன் பனி விழாது? உயரம் போதாமல் அல்ல. கொழுக்குமலைக்கு மேலே நிற்கும் மீசைப்புலிமலை 2,640 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க் ஏறக்குறைய 2,650 மீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்! ஆனால் பொட்டிப்புரம் நிலநடுக்கோட்டில் இருந்து 10 டிகிரி வடக்கே, குல்மார்க் 34 டிகிரி வடக்கே. குளிர்காலத்தில் அங்கே சூரியன் சாய்வாக, குறைந்த நேரம் காய்கிறது; மத்தியதரைக் கடல் பக்கம் இருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் ஈரத்தைக் கொண்டுவந்து பனியாகக் கொட்டுகின்றன. நமக்கு அந்த மாதங்களில் மூணாறு புல்லில் விடிகாலை உறைபனி படிந்தால் அதையே ஜீப் பிடித்துப் போய்ப் போட்டோ எடுக்கிறோம்.

ஆகவே சறுக்க வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். இந்தியாவில் இதற்கு வரலாறு இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் அதிகாரிகள் 1927இல் குல்மார்க்கில் ஸ்கீ கிளப் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் ராணுவம் அங்கேயே பனிமலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி அமைத்தது. போலந்தில் பிறந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி 1964லும் 1968லும் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக மலைச்சறுக்கில் இறங்கினார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவில் இருந்து போன ஒரே வீரர் குல்மார்க்கின் ஆரிஃப் கான். ஜெயண்ட் ஸ்லாலம் பந்தயத்தில் 45ஆவது இடம்.

குல்மார்க்கின் பெருமை அதன் கோண்டோலா. பழனியில் ரோப் கார் ஏறியவர்களுக்கு யந்திரம் புதிதல்ல, அளவுதான் புதிது. 1998இல் திறந்த முதல் கட்டம் 3,080 மீட்டரில் உள்ள கொங்டூரிக்குக் கொண்டுபோகிறது. 2005இல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,950 மீட்டர் அளவுக்கு ஏற்றிவிடுகிறது. நம் பக்கமும் கம்பி வடத்துக்கு அந்நியம் அல்ல. மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனில் இருந்து கொட்டகுடிக்கு இறக்கியது ஒரு கம்பி வடம்தான். இங்கே தேயிலைப் பெட்டி இறங்கியது, அங்கே மனிதர்கள் ஏறுகிறார்கள்.

என் கணிப்பில் குல்மார்க் நடு நிலைக்காரருக்குக் கஞ்சத்தனமான மலை. அடிவாரத்துப் புல்வெளிச் சரிவு தொடக்கக்காரர்களுக்கு. கொங்டூரியைச் சுற்றியும் நாற்காலி லிஃப்டுக்கு அடியிலும் நடுத்தரத்துக்கு ஏற்ற இடம் கொஞ்சம். அஃபர்வத்துக்குப் போய்விட்டால் சீவாத, பனிச்சரிவு ஆபத்துள்ள காட்டுப் பனி. அங்கே இறங்க உலகம் முழுவதும் இருந்து கெட்டிக்காரர்கள் வருகிறார்கள். அவர்களும் தப்புவதில்லை: 2024 பிப்ரவரியில் தடத்துக்கு வெளியே பனிச்சரிவில் ஒரு ரஷ்யப் பயணி இறந்தார்.

ஆல்ப்ஸில் நிலைமை வேறு. இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் செல்லா ரோண்டா என்று ஒரு சுற்று. ஒரே மலைத்தொகுதியைச் சுற்றி லிஃப்டில் ஏறி, சறுக்கி இறங்கி, மறுபடி ஏறி, நான்கு பள்ளத்தாக்குகளைக் கடந்து, மாலைக்குள் கிளம்பிய இடத்துக்கே திரும்பலாம். சுமார் 40 கிலோமீட்டர், லிஃப்டுகளையும் சேர்த்து. வழியெல்லாம் பெரும்பாலும் நீலமும் சிவப்பும். ஒரு பக்கமாகச் சுற்ற ஆரஞ்சுப் பலகை, எதிர்ப் பக்கமாகச் சுற்றப் பச்சைப் பலகை. நடு நிலைக்காரருக்கு இதைவிட மரியாதை செய்த மலை குறைவு. இதற்கு நேர் எதிர்முனை ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் உள்ள ஸ்ட்ரைஃப் பந்தயத் தடம். அதில் எலிப்பொறி என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் சரிவு 85 சதவீதம். அதை டிவியில் பார்ப்பதே உத்தமம்.

துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்குப் பாலைவனத்திலேயே ஒரு வழி உண்டு. 2005இல் திறந்த ஸ்கீ துபாய் உள்ளரங்கில் 400 மீட்டர் நீளத் தடத்தில் சுமார் 60 மீட்டர் இறக்கம், சராசரி 15 சதவீதம். பிரேக்கும் முதல் திருப்பமும் பழக அது போதும். சிவப்புத் தடத்தின் பயத்தை அங்கே வாங்க முடியாது.

இந்தியாவில் நடுத்தரத்துக்கு ஏற்றது உத்தராகண்டின் அவுலிதான். 2,500இல் இருந்து 3,050 மீட்டர் வரை படிந்து கிடக்கும் சரிவு, எதிரே நந்தாதேவி. 2011இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடந்தன. அதற்காகச் செயற்கைப் பனி யந்திரங்களும் வைத்தார்கள். ஆனால் ஜோஷிமட்டில் இருந்து அவுலிக்கு ஏறும் 4 கிலோமீட்டர் ரோப்வே, ஊரே பூமிக்குள் இறங்கத் தொடங்கிய 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. மலைச்சரிவில் தாங்கும் சக்திக்கு மேல் கட்டிக்கொண்டே போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஜோஷிமட் போதுமான சாட்சி. பனியும் முன்பு போல நம்பகமாக இல்லை. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

ஐரோப்பாவின் வண்ணக் கம்பங்களைப் போலவே, தமிழ்நாடு வனத்துறையும் 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது எளிது, மிதம், கடினம் என்று மூன்றாகப் பிரித்தது. பனி இல்லாவிட்டாலும் இந்தப் பிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கு ஒன்றுதான்: எவ்வளவு ஏற்றம், எவ்வளவு தூரத்தில், யாருடைய காலுக்கு.

அவுலிக்கோ குல்மார்க்குக்கோ கிளம்புகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் அவுலியிலும், இந்திய பனிச்சறுக்கு மலையேற்றக் கழகம் குல்மார்க்கிலும் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. வீடியோ பார்த்துப் பழகலாம் என்று நினைக்காமல் அங்கே சேருங்கள். தடத்தில் இறங்கும் முன் பயிற்றுநரிடம் சரிவு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 25க்குள் இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை. ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் தொடக்கம் வரை ஏற்ற காலம், அதிலும் பனி விழுந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள்.